புகை முந்தியா, வேட்டு முந்தியா?

டெரன்ஸின் தலை ஒரு பக்கமும் கழுத்துக்குக் கீழே இன்னொரு பக்கமுமாக நின்றன. பதறாதீர்கள், கொலை இல்லை. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் வீடியோ காட்டுகிற லட்சணம் அது.

"இது வீடியோவா, கறிக்கடையா?" என்றேன்.

செந்தூர்பாண்டி அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவர் சிரிக்காவிட்டால் எதையோ மோப்பம் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். இல்லையென்றால் காலைச் சாப்பாடு சரியில்லை என்று அர்த்தம். கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்து, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஊரான் வீட்டுச் சங்கதியைத் துப்பறிய வந்த மனிதர். நான் இந்துமதி. அவருக்கு உதவியாளர், டைப்பிஸ்ட், கார் டிரைவர், கம்ப்யூட்டர் வைத்தியர். விசிட்டிங் கார்டில் மட்டும் என் பெயர் கிடையாது.

எதிரே நாற்காலி நுனியில் ஜெமிமா உட்கார்ந்திருந்தாள். திரையில் துண்டு துண்டாகத் தெரிந்தவனின் மனைவி. கொடுத்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. கண் திரையில் பாதி, வாசலில் பாதி. எனக்கு அது பிடிக்கவில்லை. புருஷனைக் காப்பாற்ற வந்தவள் ஏன் வாசலைப் பார்க்க வேண்டும்?

விஷயம் இதுதான். திங்கட்கிழமை சாயங்காலம் தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், சங்குகளைச் சேர்த்து வைக்கிற கிட்டங்கி ஒன்றில் பூட்டை உடைத்து, ஒரே ஒரு வலம்புரிச் சங்கைத் தூக்கிப் போயிருக்கிறார்கள். தடுத்த வாட்ச்மேன் வேல்ராஜ் மண்டை உடைந்து, நினைவு திரும்பாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அந்தச் சங்கைக் கடலுக்குள் முங்கி எடுத்து வந்தவன் டெரன்ஸ். கிட்டங்கி முதலாளி அதைத் தன்னுடையது என்று பூட்டி வைத்ததும், என் மூச்சைப் பிடித்து எடுத்த சங்கு, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று ஆட்கள் முன்னால் கத்தியிருக்கிறான். அப்புறம் போலீசுக்கு வேறு யாரைத் தேடத் தோன்றும்?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவனைப் பிடித்தார்கள். போனையும் வாங்கிக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே ஜெமிமா ஸ்டேஷனுக்குப் போய் ஒரு வீடியோவைக் கொடுத்தாள். களவு நடந்த அதே நேரத்தில், தெற்கே திருச்செந்தூரைத் தாண்டி, ஆலந்தலை கிறிஸ்தவக் கோயில் திருவிழாவில் நின்று டெரன்ஸ் எடுத்து அவளுக்கு அனுப்பிய வீடியோ. கேஸ் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் போட்டபோது மூன்று இடத்தில் படம் குதித்ததாம். குதித்தால் வெட்டியிருக்கிறார்கள், வெட்டியிருந்தால் பொய் என்றார் இன்ஸ்பெக்டர் எஸ்றா.

இன்று, புதன்கிழமை மத்தியானம், டெரன்ஸை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அப்புறம் ஜெயில். வேல்ராஜ் கண் திறக்காமலே போய்விட்டால் களவுக் கேஸ் கொலைக் கேஸாகிவிடும். எஸ்றாவும் அண்ணாச்சியும் ஒரே ஸ்கூல். அந்தப் பழக்கத்தில் ஒரு சலுகை கொடுத்திருந்தார். டெரன்ஸைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகுமுன் எங்கள் ஆபீசுக்கு வருவார். படம் வெட்டு இல்லாதது என்று நாங்கள் காட்டிவிட்டால் பார்க்கலாம்.

"படத்துல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஸ்டேஷன் கம்ப்யூட்டர்தான் திக்குது," என்றாள் ஜெமிமா.

இப்போது எங்கள் கம்ப்யூட்டரும் திக்கியது. உனக்கு எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று கேட்டேன். முத்தையாபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்கிறாளாம். அங்கே போட்டால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதாம். அப்படியானால் அங்கேயே இன்ஸ்பெக்டரைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டியதுதானே என்றேன். பெண்டாட்டி வேலை பார்க்கிற இடத்தில் பெண்டாட்டி காட்டுகிற படத்தை எந்தப் போலீஸ்காரர் நம்புவார் என்று திருப்பிக் கேட்டாள். நியாயம்தான். நியாயமான பதிலை அவ்வளவு சீக்கிரம் சொல்கிறவர்களையும் எனக்குப் பிடிக்காது.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏளா இந்து, குறை கண்ணாடியிலயா, மூஞ்சியிலயா? மொதல்ல கண்ணாடியத் துடை."

துடைத்தேன்.

எங்கள் கம்ப்யூட்டர் மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரில் வாங்கியது. லினக்ஸ் போட்டு நான்தான் உயிர் கொடுத்து வைத்திருக்கிறேன். டைப் அடிக்க, மெயில் பார்க்க அது போதும். சினிமா பார்க்க அண்ணாச்சி விட்டால்தானே அதன் வண்டவாளம் தெரியும்? முதலில் பென் டிரைவிலிருந்து வீடியோவை ஹார்டு டிஸ்குக்கு மாற்றினேன். ஓட விட்டுப் பார்த்தால் பிராசசர் மூச்சுத் திணறுகிறது. படத்தைப் பிரித்து விரிக்கிற வேலை முழுவதையும் அது ஒண்டியாகச் செய்துகொண்டிருக்க, அதற்கென்றே பிறந்த கிராபிக்ஸ் கார்டு சும்மா உட்கார்ந்திருந்தது. நான் வேலை பார்க்கும்போது அண்ணாச்சி பேப்பர் படிக்கிற மாதிரி. வேலையைக் கார்டுக்கு மாற்றினேன். குதிப்பு நின்றது.

தலை மட்டும் இன்னும் ஒட்டவில்லை. ஏன் என்று அண்ணாச்சி கேட்டார். கார்டு தன் பாட்டுக்குப் படத்தை வரைந்து தள்ளும், திரை தன் பாட்டுக்கு ஒரு தாளத்தில் எடுத்துக் காட்டும், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லையென்றால் பாதி வரையும்போதே திரை எடுத்துவிடும் என்றேன். மேலே புதுப் படம், கீழே பழைய படம். பாதி வெந்த தோசையைத் தட்டில் வாங்குகிற மாதிரி.

"அப்ப வெந்த பெறவு வாங்கச் சொல்லு."

"அதத்தான் சொல்லுதேன் அண்ணாச்சி."

அதற்கென்று ஒரு செட்டிங் இருக்கிறது. திரை கேட்கிறபோது மட்டும், முழுசாக வரைந்த படத்தைக் கொடு என்கிற கட்டளை. எப்போதோ வேகம் வேண்டும் என்று நானே அதை அணைத்து வைத்திருந்தேன். போட்டுவிட்டேன். திரையின் வேகத்தையும் வீடியோவின் வேகத்துக்குச் சரியாக வகுபடுகிற மாதிரிக் குறைத்தேன். டெரன்ஸின் தலை கழுத்தில் வந்து உட்கார்ந்தது. நல்ல களையான முகம். சிரித்தான்.

மிச்சம் இருந்தது சத்தம். எங்கள் ஸ்பீக்கர் புளூடூத். காற்றில் போய்ச் சேர்வதற்குள் சத்தம் கொஞ்சம் பிந்தும். ஸ்டேஷனிலும் அதே மாதிரி ஒரு ஸ்பீக்கர்தான் என்று ஜெமிமா சொன்னாள். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வயர் வைத்த பழைய ஸ்பீக்கரைச் செருகினேன். கீழே, படகுக்கு மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சின் ரிப்பேர் கடை. எந்நேரமும் எதையாவது உறுமவிட்டுச் சோதிப்பார்கள். ஜன்னல் வழியாக எட்டிக் கெஞ்சி, கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னேன்.

வீடியோ ஓடியது. சொல்லக்கூடாது, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல ஓடியது. டெரன்ஸ் கேமராவைப் பார்த்து வாய் திறக்காமல் சிரிக்கிறான். அப்புறம் கேமரா கடற்கரைப் பக்கம் திரும்புகிறது. பந்தல், கூட்டம், மணலில் ஏற்றி வைத்த வள்ளங்கள். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவன் குரல் மட்டும். "ஆலந்தலையில கடக்கரையில நிக்கேன் ளா. கூட்டம்னா கூட்டம். ஜெபம் முடிஞ்சதும் பொறப்பட்டு வாரேன்." தூரத்தில், கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டியிருக்கிற தூண்டில் வளைவின் நுனியில் வெள்ளையாக ஒரு புகை. டும் என்று ஒரு வேட்டு. ஒலிபெருக்கியில் யாரோ, இன்று ஆறாம் திருவிழா, எல்லோரும் ஜெபத்துக்கு வாருங்கள் என்று அறிவிக்கிறார்கள். முடிந்தது.

இன்ஸ்பெக்டர் சொன்ன மூன்று குதிப்பில் ஒன்றுகூட இல்லை. ஆறாம் திருவிழா, அதாவது திருவிழாவின் ஆறாம் நாள், திங்கட்கிழமையேதான், காலண்டரில் சரிபார்த்தேன். ஜெமிமா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளைச் சந்தேகப்பட்டதற்கு மனதுக்குள் என்னையே திட்டிக்கொண்டு, ஆறிய டீயை எடுத்துவிட்டு வேறு டீ சொல்லப் போனேன்.

நான் திரும்பி வரும்போது அண்ணாச்சி அவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். அந்த வேட்டை எங்கே வைத்துப் போடுகிறார்கள் என்று கேட்டார். முன்பு கோயில் முற்றத்திலேயே போடுவார்களாம். ஒரு வருஷம் பொறி பறந்து பந்தலில் விழுந்ததிலிருந்து தூண்டில் வளைவின் நுனிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். திருவிழா முடிகிற வரைக்கும் தினம் சாயங்காலம் ஜெபத்துக்கு முன்னால் ஒரே ஒரு வேட்டு. தினமும் அதே நேரம், அதே இடம். டெரன்ஸ் நின்ற இடத்திலிருந்து அந்த நுனி எவ்வளவு தூரம் இருக்கும் என்றார் அண்ணாச்சி.

"நல்ல தூரம் அண்ணாச்சி. மணல்ல நடந்து போனா காலு கடுத்துரும்."

"அந்த எடத்த மறுபடி போடு இந்து."

போட்டேன். புகை. டும்.

"இன்னொருக்க."

"அண்ணாச்சி, இது கச்சேரி இல்ல, ஒன்ஸ்மோர் கேக்கதுக்கு."

"மழக்காலத்துல மின்னல் முந்தியா, இடி முந்தியா?"

"மின்னல்தான். இது ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூட…"

வாக்கியத்தை முடிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். புகை முளைக்கிற படம் எதுவோ, வேட்டுச் சத்தம் தொடங்குகிற இடமும் அதுதான். ஒரு படம்கூட முன்னே பின்னே இல்லை.

வெளிச்சம் கண்ணுக்கு உடனே வந்துவிடும். சத்தம் அவ்வளவு தூரத்தையும் கடந்து வர வேண்டும். கால் கடுக்க நடக்கிற தூரத்தில் வேட்டுப் போட்டால், புகையைப் பார்த்து, ஓ வேட்டு என்று நினைத்து, காதைப் பொத்தலாமா என்று யோசிக்கிற நேரத்துக்குப் பிறகுதான் டும் வர வேண்டும். இங்கே கைதட்டினால் கேட்கிற மாதிரிக் கேட்கிறது. ஸ்டேஷனில் படம் திக்கித் திணறி, சத்தமும் பிந்தி வந்ததால் எது முந்தி, எது பிந்தி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்த புண்ணியவதி நான்தான்.

ஒருவேளை என் கைவரிசையில்தான் கோளாறோ என்று ஒரு நப்பாசை. என் போனில் இருந்த செய்தி வீடியோ ஒன்றை அதே கம்ப்யூட்டரில் போட்டேன். வாசிக்கிற பெண்ணின் உதடும் சத்தமும் ஒட்டிப் பிறந்தவை போலப் போயின. கம்ப்யூட்டர் உண்மைதான் பேசுகிறது.

"படம் ஒரு நாள் உள்ளது. சத்தம் இன்னொரு நாள் உள்ளது," என்றார் அண்ணாச்சி. குரலை உயர்த்தவில்லை. "சர்ச்சுக் கல்யாணத்துல கேமரா ஒரு பக்கம் எடுக்கும், சாமியார் மைக் சத்தத்தத் தனியா எடுப்பீங்க. ரெண்டையும் எப்படிம்மா சேப்பீங்க?"

அண்ணாச்சியே பதிலும் சொன்னார்.

"ஏதாவது பட்டுன்னு ஒரு சத்தம் இருக்கும். கைதட்டு, வெடி, ஏதோ ஒண்ணு. அதப் படத்துல தேடி, சத்தத்த அது மேல கொண்டு வைப்பீங்க. மத்தது எல்லாம் தானா சேந்துரும். கல்யாண வீட்டுல கேமரா பக்கத்துலயே நிக்கும், அதனால சரியா இருக்கும். கை பழகிட்டு. கடக்கரையிலயும் அப்படியே கொண்டு வச்சிட்ட."

நான் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஓடவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தாள்.

முகம், புகை என்று படம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. அன்று அவளும் கூடப் போயிருந்தாள், அந்தச் சிரிப்பு அவளைப் பார்த்துத்தான். சத்தம் டெரன்ஸ் அவளுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். அவனைப் பிடித்ததும் தன் போனைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடி, இதைக் கேளுங்கள் என்று காட்டியிருக்கிறாள். வாசலில் நின்ற ஒருவர், வெறும் சத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய, முகம் தெரிகிற மாதிரி ஏதாவது இருந்தால் கொண்டுவா என்று விரட்டியிருக்கிறார். அதனால் முகம் தெரிகிற மாதிரி ஒன்றைச் செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள். கண்டுபிடித்துவிடக் கூடாதென்று தன் போனிலிருந்த வாய்ஸ் மெசேஜையும் அழித்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பொய்ச் சாட்சியை என் கையாலேயே பளபளவென்று துலக்க வைத்திருக்கிறாள். இன்ஸ்பெக்டர் வந்ததும் இந்தப் பொய்யோடு சேர்ந்து டெரன்ஸும் மூழ்கப் போகிறான். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். செய்யாதவனுக்கு எதற்கு அக்கா பொய்ச் சாட்சி என்றேன்.

அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதான் எனக்கும் இப்ப பயமா இருக்கு. செய்யலன்னுதான் நம்புனேன். ஆனா வீடியோவக் காட்டுனதுலேருந்து அவிய வாயே தொறக்க மாட்டேங்காவளாம். இன்ஸ்பெக்டர் சொல்லுதாரு. செய்யாத மனுசன் ஏன் பேசாம இருக்கணும்?"

அது எங்களுக்குப் புதிது. அண்ணாச்சி உடனே எஸ்றாவுக்குப் போன் போட்டார். அவர் வண்டியில் வந்துகொண்டிருந்தார். ஆமாம் என்றார். பிடித்துக்கொண்டு வரும்போது, என் போனைப் பாருங்கள், என் போனைப் பாருங்கள் என்று வழி முழுக்கக் கத்திக்கொண்டு வந்தானாம். அப்போது பார்க்க நேரமில்லை. சாயங்காலம் மனைவி கொடுத்த வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். ஒரு தடவை பார்த்தான். அதிலிருந்து ஊமை. போன் பூட்டைத் திறக்கச் சொன்னால் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டுகிறான். டவர் கணக்கு வர இன்னும் நாளாகும், வந்தாலும் போன் ஆலந்தலையில் இருந்ததுதான் தெரியும், போனை வேறு எவன் கையிலாவது கொடுத்துவிட்டிருந்தால்? அவன் குற்றவாளி இல்லாமல் வேறென்ன என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

அண்ணாச்சி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இருந்தது. மோப்பம் பிடித்தால் சிரிக்க மாட்டார் என்றேனே, பிடித்த எலியைக் கையில் தூக்கியதும் சிரிப்பார்.

"யம்மா ஜெமிமா, அந்த வாய்ஸ் மெசேஜ் என்னைக்கு வந்தது?"

"திங்கக்கெழம சாயங்காலம்."

"பேசுதது யாரு?"

"அவியதான். அந்தக் குரல் எனக்குத் தெரியாதா?"

"அவன் பேசும்போது பின்னால வேட்டு கேக்கு. ஆறாம் திருவிழான்னு ஸ்பீக்கர்ல சொல்லுதாங்க. இதுல நீ ஏதாவது ஒட்டுனியா?"

"இல்ல. முன்னால கொஞ்சம் வெட்டுனேன், படத்துக்கு ஒத்து வரல. மத்தது அப்படியே அவிய அனுப்புனதுதான்."

பொய்ப் படத்துக்குள்ளே மெய்ச் சத்தம் இருக்கிறது. போனை வேறொருவன் ஆலந்தலைக்குத் தூக்கிப் போயிருக்கலாம், ஆனால் டெரன்ஸின் குரலில் பேச அவனால் முடியாது. ஒரே மூச்சில் அவன் குரல், அன்றைய வேட்டு, அன்றைய அறிவிப்பு. திங்கட்கிழமை சாயங்காலம் டெரன்ஸ் அங்கேதான் நின்றிருக்கிறான். சத்தியமாக நின்றிருக்கிறான். இவள் முகம் வேண்டும் என்று ஒரு படத்தை மேலே போர்த்தி, கையில் இருந்த உண்மையைப் பொய்யாக்கிவிட்டாள்.

"அப்ப ஸ்டுடியோ கம்ப்யூட்டர்ல அந்தச் சத்தம் இருக்கும்லா? எடுத்துக் குடுத்துருவோம்," என்றேன்.

அண்ணாச்சி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஜெமிமா கை வைத்த எதையும் இனி எவரும் நம்ப மாட்டார்கள் என்றார். அவள் கை படாத ஒரே பிரதி டெரன்ஸின் போனில் இருக்கிறது. அந்தப் போனோ, அவள் ஸ்டுடியோவுக்குப் போவதற்கு முன்பே போலீஸ் கைக்குப் போய்விட்டது.

"அதத் தொறந்தா அவன் தப்பிச்சிருவான். நீ மாட்டிக்கிடுவ. ஒருக்க பாத்ததுமே அவனுக்குப் புரிஞ்சிருக்கு, இது நீ செஞ்ச வேலைன்னு. அதனாலதான் பூட்டத் தொறக்க மாட்டேங்கான்."

ஜெமிமா அசையவில்லை. அழவும் இல்லை. இரண்டு கைகளாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள், விரல்கள் வெளுத்திருந்தன. நான் கதவை விட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றேன். இவளைப் போய் வாசலைப் பார்க்கிறாள், டீ குடிக்கவில்லை என்று சந்தேகப்பட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தேகம் சரிதான், பார்த்த திசைதான் தப்பு.

"எனக்கு ஜெயிலா அண்ணாச்சி?"

"கேஸ் வரும். இல்லன்னு உன்ட்ட பொய் சொல்ல மாட்டேன். நல்ல வக்கீலா பாப்போம்."

படியில் பூட்ஸ் சத்தம். எஸ்றா உள்ளே வந்து தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நின்றபடியே, படம் சுத்தமாக ஓடுகிறதா என்று கேட்டார். ரொம்பச் சுத்தமாக ஓடுகிறது என்றார் அண்ணாச்சி. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், எதையும் மறைக்கப் போவதில்லை. ஆனாலும் அதை அவளே சொல்லட்டும் என்று அண்ணாச்சி ஜெமிமாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெமிமா எழுந்தாள்.

"சார், படம் பொய். நான்தான் ஒட்டுனேன். அவியளுக்கு ஒண்ணும் தெரியாது. சத்தம் நெசம். அது அவிய போன்ல கெடக்கு, கேளுங்க."

எஸ்றாவின் முகம் போன போக்கை வர்ணிக்க இடம் போதாது. அண்ணாச்சி புகையையும் வேட்டையும் அவருக்குப் போட்டுக் காட்டினார். மின்னல், இடி எல்லாம் சொன்னார். எஸ்றா இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஜெமிமாவிடம் நீ செய்தது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். டெரன்ஸ் போனை எடுத்து அவன் கையில் கொடுத்துப் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள் என்றார்.

மறுமுனையில் யாரோ அவனிடம் சொன்னார்கள். அப்புறம் ஒரு கரகரத்த குரல். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து பேசாத குரல்.

"வேண்டாம் சார். அதுல ஒண்ணும் கெடையாது. நான்தான் செஞ்சேன்னு எழுதிக்கிடுங்க."

ஜெமிமா மேஜையில் இருந்த போன் மேல் குனிந்தாள்.

"நான் சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். தொறந்து குடுங்க."

எஞ்சின் கடைக்காரன் கீழே எதையோ உறுமவிட்டு நிறுத்தினான். ஸ்டேஷனில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. யாரோ எண்ணை அழுத்தினார்கள். தேடு, திங்கட்கிழமை, அதுதான், போடு என்று பேச்சு. அப்புறம் திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலும், காற்றும், அதற்கு நடுவே டெரன்ஸும்.

"ஏளா ஜெமி, கூட்டத்துல நெட்டு இழுக்கல, வீடியோ போக மாட்டேங்கு. மொகத்தக் காட்டலன்னு கோவிச்சிக்கிடாத. என் சத்தத்தக் கேட்டா நீ நம்புவல்லா, அது போதும் எனக்கு. ஆலந்தலையில கடக்கரையில நிக்கேன் ளா. கூட்டம்னா கூட்டம்…"

படத்துக்கு ஒத்து வரவில்லை என்று அவள் வெட்டியது அந்த முதல் பகுதியைத்தான்.

டும் என்று வேட்டுக் கேட்டது. ஆறாம் திருவிழா என்று ஒலிபெருக்கி சொன்னது. மெசேஜ் முடிந்தது. எஸ்றா ஜன்னல் பக்கம் திரும்பி, வாட்ச்மேனை அடித்தவனை முதலிலிருந்து தேட வேண்டும் என்று யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னார். அப்புறம் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய பேப்பரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஜெமிமாவைப் பார்த்து, நீயும் வண்டியில் ஏற வேண்டியிருக்கும் என்றார். சரி என்று தலையசைத்தாள்.

போன் இன்னும் இணைப்பில்தான் இருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் எடுத்து வாய்ப்பக்கம் வைத்துக்கொண்டாள்.

"நம்புதேன்," என்றாள்.

மறுமுனையில் ஒரு ஆண் குரல் விட்டு விட்டு அழுதது.